எதிர்த்த வீட்டுச் சொல்

திருத்தணி பேருந்து நிலையத்தில் இறங்கி யாரிடமாவது வழி கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரே சொல்லில் தொடங்கும். “எதிர்ல இருக்கு பாருங்க.” பூக்கடையாக இருக்கலாம், மொட்டை போடும் இடமாக இருக்கலாம், மலைக்குப் போகும் பேருந்து நிற்கும் இடமாக இருக்கலாம். வழி சொன்னவர் உடனே பக்கத்தில் நிற்கும் இன்னொருவரிடம் திரும்பித் தெலுங்கில் பேச்சைத் தொடர்வது இந்த ஊரில் சாதாரணம். அந்த இன்னொருவரும் வழி கேட்டால் அவருக்கும் அதே சொல்தான் கிடைக்கும்: “எதுருகா உந்தி.” ஒரே மூச்சில் இரண்டு மொழி. இரண்டிலும் வழிகாட்டுவது எதிர் என்ற ஒரே வேர்ச்சொல்.

இந்தச் சொல்லைத்தான் பள்ளிக்கூடத்து ஆங்கில அகராதி வேறொரு வேலைக்கு அமர்த்தியிருக்கிறது. ‘அகெய்ன்ஸ்ட்’ என்றால் ‘எதிராக’ என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பிள்ளை, வளர்ந்து பத்திரிகை அலுவலகத்திலோ மொழிபெயர்ப்பு மேசையிலோ உட்காரும்போது அந்தச் சமன்பாட்டையும் கூடவே கொண்டுபோகிறது. அதன் விளைவு எங்கும் தெரிகிறது. டெங்குவுக்கு எதிரான மருந்து, குளிருக்கு எதிரான உடை, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம், நகராட்சிக்கு எதிரான மனு, விதிகளுக்கு எதிரான கட்டடம் என்று எல்லாம் ஒரே ‘எதிரான’வில் முடிகின்றன. மொழிபெயர்ப்புக் கதைகளில் சுவருக்கு எதிராகச் சாய்ந்து நிற்கும் மனிதர்களைக்கூடச் சந்திக்க முடியும். தமிழ்நாட்டில் யாரும் சுவருக்கு எதிராகச் சாய்ந்ததில்லை. சுவரில் சாய்வார்கள், சுவரோடு ஒட்டி நிற்பார்கள்.

அந்த ஆங்கிலச் சொல் செய்யும் வேலைகளைத் தமிழ் எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது என்பதைப் பார்க்கத் தெருவே போதும். அடகுக் கடையில் ‘நகை பேர்ல’ கடன் வாங்குகிறார்கள், ‘நகை மேல’ என்றும் சொல்வதுண்டு. காவல் நிலையத்தில் ஒருவர் ‘மேல’ புகார் கொடுக்கிறார்கள், நீதிமன்றத்தில் அவர் ‘மேல’ வழக்குப் போடுகிறார்கள். முன்பணத்தைக் கூலியில் ‘கழித்துக்’கொள்கிறார்கள். பத்திரம் கொடுத்தவரிடம் அதற்கு ‘ஈடாக’ப் பணம் தருகிறார்கள். சட்டத்துக்குப் ‘புறம்பாக’ வீடு கட்டுகிறார்கள். அப்பா சொன்னதற்கு ‘மாறாக’ நடக்கிறார்கள். விருப்பம் ‘இல்லாமல்’ தலையாட்டுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு உறவு. ஈட்டில் பண்டமாற்று இருக்கிறது. மாறில் விலகல் இருக்கிறது. புறம்பில் ஒரு வேலியும் அதற்கு வெளியே போய்விட்ட ஒரு காலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘எதிராக’ என்று எழுதும்போது, ஒவ்வொரு உறவும் சண்டையாகிவிடுகிறது.

இதில் மிக அழகானது நான்காம் வேற்றுமை. மழைக்குக் குடை, குளிருக்குக் கம்பளி, கொசுவுக்கு வலை, தலைவலிக்கு மாத்திரை. குடை மழையைத் தடுக்கிறது, மாத்திரை வலியை விரட்டுகிறது. ஆனாலும் பிள்ளைக்குப் பால், மாட்டுக்குப் புல், சாமிக்கு மாலை என்று அன்போடு கொடுக்கும்போது வரும் அதே ‘கு’தான் இங்கும் வருகிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்து இலக்கணக்காரர்கள் இந்த உருபுக்குக் கொடையையும் பகையையும் ஒரே பட்டியலில் பொருள்களாக வைத்திருக்கிறார்கள். கொடுப்பதும் தடுப்பதும் ஓர் உருபில் அடங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் ஒருவர் இன்னொன்றின் முகத்தைப் பார்த்து நிற்கிறார், அது என்ன கேட்கிறது என்று அறிந்து செயல்படுகிறார். திருத்தணி மருந்துக் கடையில் ஒருவர் “காய்ச்சலுக்கு மருந்து” என்கிறார், இன்னொருவர் “ஜ்வரானிகி மந்து” என்கிறார். தெலுங்கிலும் அதே நான்காம் வேற்றுமை, அதே நியாயம். காய்ச்சலுக்கு எதிராக யாரும் எதுவும் கேட்பதில்லை.

சண்டைக்கு வரும் உருபும் வியப்பானதுதான். “அவனோட சண்டை.” “நாளைக்கு யாரோட மேட்ச்?” அண்ணனோடு சினிமாவுக்குப் போகவும் அண்ணனோடு சண்டை போடவும் தமிழுக்கு ஒரே ‘ஓடு’. உடன் இருந்தால்தான் மோத முடியும் என்று பேச்சுத் தமிழ் நினைக்கிறது. மட்டைப்பந்து வர்ணனையாளர்கள் நாள் முழுக்க ‘இந்தியாவுக்கு எதிராக’ என்று சொன்னாலும், தேநீர்க் கடையில் நின்று கேட்பவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது “ஆஸ்திரேலியாவோட மேட்ச்” என்பதுதான்.

ஆங்கிலத்தின் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ‘அகெய்ன்ஸ்ட்’டும் ஒரு காலத்தில் எதிரே நிற்பதையும் நோக்கிப் போவதையும்தான் குறித்தது. மறுபடியும் என்ற பொருளில் இன்று வழங்கும் ‘அகெய்ன்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே பழைய ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகள். ஒருவரை நோக்கித் திரும்பி, அவர் முகத்துக்கு நேராக நிற்பது அதன் ஆதிப் பொருள்களில் ஒன்று. குளிர்காலம் வருமுன் விறகு சேர்த்துவைப்பதைச் சொல்லவும் பழைய ஆங்கில உரைநடை இதே ‘அகெய்ன்ஸ்ட்’டைத்தான் பயன்படுத்தியது. அங்கே அதற்கு ‘வரப்போவதை எண்ணி’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதன் பங்காளிச் சொல் ‘கேகன்’. ‘கேகன்வார்ட்’ என்றால் அவர்களுக்கு நிகழ்காலம், அதாவது எதிரே இருப்பது. தமிழர் அதே கற்பனையில் ஓர் அடி முன்னே வைத்து, வருங்காலத்தை எதிர்காலம் என்றார்கள். தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாகப் பிரிக்கிறது. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், வரப்போகும் துன்பத்தை முன்கூட்டியே அறிந்து காப்பதைச் சொல்லும் 429ஆம் குறளை ‘எதிர்’ என்ற வேரிலிருந்தே தொடங்குகிறார்.

இன்னொரு சொல்லும் இந்தக் குடும்பத்தில் உண்டு. அது இந்த ஊருக்கு மிகவும் வேண்டிய சொல். லத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிர். அதிலிருந்து ‘கோன்ட்ராட்டா’, எதிரே விரிந்து கிடக்கும் நிலம். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்து ‘கன்ட்ரி’ ஆனது. நாடு என்பது எதிர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஜெர்மனியிலும் ‘கேகன்’ என்பதிலிருந்து ‘கேகண்ட்’, வட்டாரம்.

திருத்தணியின் தணிகை மலை உச்சியில் நின்று பார்க்கிறவருக்கு இந்தச் சொற்பிறப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரே வயல், தோப்பு, அதற்கப்பால் குன்றுகள் விரிந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் அந்த நிலத்தில் எங்கோ ஓரிடத்தில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குகிறது. எந்த வரப்பில் என்று கண்ணால் சொல்ல முடியாது. ரயிலில் போனால் பொன்பாடியைத் தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற நீண்ட பெயர்ப் பலகை வந்து எல்லையைச் சொல்லும். அடுத்து நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று வண்டி திருப்பதிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கோடு 1911இல் இல்லை. அந்த ஆண்டு வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். திருத்தணி அதில் போனது. அப்போது எல்லாமே சென்னை மாகாணம், ஆகவே யாருக்கும் அது நாடு பிரிந்ததாகத் தோன்றவில்லை. 1952 டிசம்பர் 15 அன்று, தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே போனபோது அதோடு திருத்தணியும் போனது. மலையடிவாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலையில் வேறு மாநிலத்தில் கண்விழித்தன.

அதற்கு முன்பே இங்கே எதிர்ப்பு எழுந்துவிட்டது. குருவராயப்பேட்டையைச் சேர்ந்த தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டே எல்லை உணர்ச்சியையும் வளர்த்தவர். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் உள்ளூரில் போராட்டத்தைத் தாங்கினார். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம.பொ.சிவஞானம் சென்னையிலிருந்து வந்து தடையை மீறிச் சிறை போனார். திருப்பதி வரை வேண்டும் என்பது அவருடைய முதல் கோரிக்கை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்வது அவருக்குப் பெரிய சான்று. திருமலை கிடைக்கவில்லை. மறியல், சிறை, சிறையில் உயிரிழப்பு என்று ஆண்டுகள் கழிந்தபின், நடுவர் எச்.வி.படாஸ்கர் இரு தரப்பையும் கேட்டுப் பரிந்துரை தந்தார். நாடாளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு, அன்றைய பெயரில் சென்னை மாநிலத்துக்கு, வந்தது. மாற்றாகச் சத்தியவேடு வட்டாரக் கிராமங்களும் சேலம் மாவட்டத்தின் சில கிராமங்களும் அங்கே போயின. ஈடு என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கடினம். ஒரு பக்கத்தில் கொண்டாடிய அதே நாளில் மறுபக்கத்துக்குப் போன ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். எல்லை வரலாறு எழுதுகிறவர்கள் வந்த ஊரைப் பற்றி எழுதும் அளவுக்குப் போன ஊர்களைப் பற்றி எழுதியதில்லை.

ம.பொ.சி. தன் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த பெயர் ‘எனது போராட்டம்’. போராட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்: போர், ஆட்டம். போர் ஆடுவது. படையும் வாளும் போன பிறகு, மறியலும் கடையடைப்பும் ஊர்வலமுமாகப் போரின் ஆட்டம் மட்டும் மிஞ்சிய அரசியலுக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு. அதே ‘ஆடு’தான் இந்த மலையின் பழைய பெருமையிலும் இருக்கிறது. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதாகிய குன்றுதோறாடல் என்று தணிகையைச் சொல்வது மரபு.

தணிகை என்ற பெயரைத் தொட்டால் பேச்சு மறுபடி எதிர்ப்பிலேயே வந்து நிற்கிறது. செரு என்றால் போர். செரு தணிந்த இடம் செருத்தணி. அதுவே திருத்தணி ஆனது என்பது ஊர் நம்பும் பெயர்க்காரணம். சூரனை வென்ற முருகனின் சினம் இங்கே வந்து தணிந்தது என்பார்கள். வள்ளியின் குறவர் குலத்தோடு நடந்த சண்டை முடிந்து வந்த இடம் என்றும் சொல்வார்கள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அந்தச் சண்டை விரிவாக வருகிறது. பெண்ணைக் கவர்ந்துபோனவனை வள்ளியின் தந்தை நம்பியும் வேடர்களும் துரத்திப் போய் எதிர்த்து விழுகிறார்கள், பிறகு உயிர்பெற்று எழுகிறார்கள், பிறகு முறைப்படி பெண்ணைக் கொடுக்கிறார்கள். காலையில் எதிரி, மாலையில் மாமனார். சூரனுக்கும் அந்தப் புராணம் செய்வது அதுவே. பிளந்த இரு கூறுகளும் மயிலும் சேவலும் ஆகின்றன. எதிர்த்தவன்மேல் ஏறி, எதிர்த்தவனையே கொடியில் வைத்துக்கொண்டு ஒரு தெய்வம் ஊர்வலம் போகிறது.

சினம் தணிந்த இடம் என்பதால்தான் கந்தசஷ்டிக்குத் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற முருகன் கோயில்களில் சூரன் தலை மாறி மாறி வந்து, வேல் பாய்ந்து, கூட்டம் ஆர்ப்பரிக்கும் நேரத்தில் இங்கே கூடை கூடையாகப் பூவைச் சொரிகிறார்கள். புஷ்பாஞ்சலி. பழந்தமிழ்ப் புறத்திணை இலக்கணம் படித்தவருக்கு இந்தக் காட்சி வேறொன்றையும் நினைவூட்டும். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி, இருவரும் ஒரு களத்தில் எதிர்ப்பட்டால் தும்பை. எதிர்ப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழர் பூவின் பெயரைத்தான் வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிய அந்தப் பூவைச் சூடிக்கொண்டார்கள். தணிகை மலையில் பக்கம் பிரிக்கும் வேலை முடிந்துபோன பூக்கள் குவிகின்றன.

இக்கோயிலின் யானையும் கவனிக்கத்தக்கது. வாகனம் மூலவரை நோக்கி, அவருக்கு எதிரே, நிற்பது வழக்கம். இங்கே மயிலின் இடத்தில் யானை நிற்கிறது. அதுவும் முருகனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்க்கிறது. தெய்வயானையின் சீதனமாக வந்த ஐராவதம் போனபின் இந்திரனின் செல்வம் குறைந்ததாம். யானையின் பார்வையாவது தன் உலகத்தின் மேல் விழட்டும் என்று அவன் கேட்க, முருகன் அதைத் திருப்பி நிறுத்தினாராம். மருமகனுக்கும் மாமனாருக்கும் இடையில் ஒரு யானை எந்தப் பக்கம் பார்ப்பது என்று பேசி முடித்த கதை அது.

பகைவனுக்குத் தமிழ் வைத்த பெயர்களைத் திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளிலும் சங்கப் பாட்டுகளிலும் தேடினால் நீண்ட வரிசை கிடைக்கும். ஒன்னார், நண்ணார், நள்ளார், மேவார், அடையார், ஒட்டார், சேரார். வரிசையைச் சற்று நிதானமாக வாசித்தால் ஒரு விஷயம் பளிச்சிடுகிறது. இவற்றில் ஒன்றுகூட வெறுப்பைச் சொல்லவில்லை, எல்லாமே எதிர்மறை வினைகள். ஒன்றாதவர், நெருங்காதவர், நட்புக் கொள்ளாதவர், விரும்பாதவர், வந்து அடையாதவர், ஒட்டாதவர், சேராதவர். செற்றார், செறுநர் போன்ற சினப் பெயர்களும் இருக்கின்றன, ஆனால் பெரும் பகுதி இப்படி இன்மையில் பிறந்தவை. பகைவன் என்பவன் இன்னும் வந்து சேராதவன் என்று எண்ணிய மனம் அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். புலவர்கள் இவற்றைக் கொலையும் தீயும் நிறைந்த பாட்டுகளில்தான் பயன்படுத்தினார்கள். சொல் மட்டும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது.

இன்றைய மேடைத் தமிழில் அவை எல்லாம் போய் எதிரி, துரோகி என்ற இரண்டு மட்டுமே மிஞ்சியிருப்பது பெரிய இழப்பு.

எதிரி என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் இன்னொரு வாழ்க்கை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ் வழக்காவணங்கள் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண்ணிடுகின்றன. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே ஒருவர் அரசுக்கு எதிரி என்று காகிதத்தில் எழுதப்படுவது எளிய மனிதரை எவ்வளவு கலங்கவைக்கும் என்பதை நீதிமன்ற வாசலில் நிற்பவர்களின் முகங்களில் பார்க்கலாம். அங்கே அந்தச் சொல்லின் பொருள் எதிர்த் தரப்பில் நிற்பவர் என்பது மட்டுமே. கூப்பிடும் குரலில் அந்த வேறுபாடு கேட்பதில்லை.

தெருவில் எதிர் என்ற சொல் இன்னும் மோசமாகவும் பயன்பட்டிருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யார் எதிரே வருகிறார் என்று பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கத்திலும் உண்டு, அந்தப் பக்கத்திலும் உண்டு. நிறைகுடம் எடுத்து வருபவள் எதிர்ப்பட்டால் நல்லது. கணவனை இழந்தவள் எதிர்ப்பட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். எத்தனையோ பெண்கள் தங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளம்பும் நேரத்தில் அடுப்படிக்குள் ஒதுங்கி நின்று வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். எதிரே வராதே என்ற இரண்டு சொல்லால் ஒரு மனுஷியின் நடமாட்டத்தையே சுருக்கிய கொடுமை அது. இரண்டு மொழியிலும் ஒன்றாக நடந்த கொடுமை. எல்லையின் எந்தப் பக்கமும் இதில் தப்பவில்லை.

பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி எதிரைத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என வரிசையாகத் தொடுத்துக் காட்டுகிறது. ஆனால் திருத்தணிச் சந்தையில் காது கொடுத்தால் அகராதி இல்லாமலே அது கேட்கும். எதிர்த்த வீட்டுக்காரர் தெலுங்கருக்கு எதுரிண்ட்டிவாள்ளு. எதிர்காற்று எதுருகாலி. எதிர்நீச்சல் எதுரீத்த. பிள்ளை பதிலுக்குப் பதில் பேசினால் தமிழ்த் தாய் “எதுத்துப் பேசாதே” என்கிறாள், தெலுங்குத் தாய் “எதுரு செப்பகு” என்கிறாள். ஒருவருக்காகக் காத்திருந்தால் இங்கே எதிர்பார்ப்பது, அங்கே எதுருசூடடம். இரண்டிலும் பொருள் ஒன்று: வருகிறவர் திசையிலேயே கண்ணை வைத்திருப்பது. 1953இல் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று கோஷம் போட்டவர்கள், அவரவர் வீட்டில் ஒருவருக்காகக் காத்திருக்கையில் ஒரே சொல்லால்தான் காத்திருந்தார்கள். திருத்தணிப் பக்கத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இந்தக் கலப்பின் பிள்ளை. அவர் பிறந்த மண் அப்போது சென்னை மாகாணம், அவர் குடியரசுத் துணைத்தலைவராக இருந்த காலத்தில் ஆந்திரம், குடியரசுத் தலைவரானபோது மறுபடி சென்னை மாநிலம்.

எதிர்ப்பின் அண்டைச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று ஆவதில்லை என்பதையும் தெருவே கற்றுத்தரும். முரண் பிடிவாதத்தின் பக்கம் சாய்ந்தது. மாடும் குழந்தையும் முரண்டு பிடிக்கும், எதிர்ப்புத் தெரிவிக்காது. யாப்பிலோ அதே முரண் அழகாகிறது. இருளும் ஒளியும் அடுத்தடுத்த சீரிலோ அடியிலோ வந்தால் அது முரண்தொடை. மறுப்பு சொல்லோடு நின்றுவிடும், பகை ஆளைத் தாண்டித் தலைமுறைக்குப் போகும். பிணக்கு இரண்டு நாளில் தீரும், தகராறு பஞ்சாயத்துக்குப் போனால்தான் தீரும். ஊடல் தீர்ந்துவிடக் கூடாதே என்றிருக்கும். 1330 குறளை எழுதிய வள்ளுவர், அறத்தையும் பொருளையும் எல்லாம் சொல்லி முடித்து, கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர் வைத்தார். நோய் எதிர்ப்பு சக்தி என்ற தொடர் 2020க்குப் பிறகு பாட்டிகள் வாயிலும் புழங்குகிறது. இந்தி எதிர்ப்பு 1937இலிருந்து தமிழ் அரசியலின் அகராதியில் நிலைத்த தொடர். இந்த இரண்டிலும் எதிர்ப்பு தன் சரியான இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் உண்மையிலேயே ஒன்று உள்ளே நுழைய, இன்னொன்று அதன் முகத்துக்கு நேரே நின்று தடுக்கிறது.

சில நேரங்களில் அந்தச் சொல் இல்லாமலே வேலை நடந்துவிடும். வெள்ளைக்காரர் காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டன்று இந்திய ஊழியர்கள் மாலையும் பழமுமாகத் துரைகளின் பங்களாவுக்குப் போய் வாழ்த்துச் சொல்லி வருவது வழக்கமாயிருந்தது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அதைக் கண்டிக்கும் துண்டறிக்கை எதுவும் போடவில்லை. துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலையில் இருக்கிறான், முதலில் அவனுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று கூட்டிப்போனார். ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக எண்ணப்படும் 365 படிகள். டிசம்பர் 31 இரவு படிக்குப் படி விளக்கேற்றி, திருப்புகழ் பாடி ஏறுகிற திருவிழா அப்படிப் பிறந்தது. துரைகள் போய்விட்டார்கள். படிவிழாவுக்குக் கூட்டம் இன்னும் வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஆந்திரப் பதிவெண் கொண்ட வேன்களில் வந்து இறங்குகிறவர்களும் நிறைய.

முகூர்த்த நாளில் மலைக்குப் போனால் கல்யாணக் கூட்டத்தைத் தாண்டி நடப்பது கடினம். இந்த வட்டாரத்தில் பெண் கொடுக்கல் வாங்கலுக்கு மாநில எல்லை பெரிய தடையில்லை. பெண் வீடு திருத்தணிப் பக்கம், மாப்பிள்ளை வீடு நகரிப் பக்கம் என்பது அன்றாடச் செய்தி. மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கும்போது, பெண் வீட்டார் ஆரத்தித் தட்டும் பன்னீர்ச் சொம்புமாக அவர்களை நோக்கிப் போக வேண்டும். மதுரையில் அழகர் ஊருக்குள் வரும்போது மக்கள் திரண்டுபோய் வரவேற்பதை எதிர்சேவை என்பார்களே, அதே மாதிரி. தெலுங்குக் கல்யாணங்களில் இதற்கென்றே ஒரு சடங்கும் பெயரும் உண்டு: எதுருகோலு. இங்கே பெரியவர்கள் எதிர்கொண்டு அழைப்பது என்பார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக் காத்திருக்கிறார். வேன் கதவு திறக்கிறது. தட்டை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் திகைக்கும் சின்னப் பெண்ணைப் பார்த்து அவள் பெரியம்மா பின்னாலிருந்து கையைக் காட்டுகிறாள்.

“அவங்களுக்கு எதிர்ல போய் நில்லு கண்ணு.”